றெஜினா அக்காவுக்கு ஒருவரும் கை தூக்கமாட்டார்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல கதைகளும் இருக்கின்றன. வழக்கில் ஒரு சொல்லைத் திரும்பக் கேட்டதால் ஒருவர் தப்பிய கதை இருக்கிறது. பிரசவ அறையின் திரைக்கு வெளியே நின்று மொழிபெயர்த்த கதை இருக்கிறது. அவற்றைக் கேட்க விருப்பமென்றால் ஒரு நாள் என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிடுங்கள், சொல்கிறேன். இன்று நான் பிழைவிட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதே பிழையை நீங்களும் ஒரு நாள் விடுவீர்கள். விடும்போது அது பிழை மாதிரியே தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டுவேலை செய்யும் வெளிநாட்டவர்களின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கியிருந்தன. அதற்கு முதல் தடவையாக ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டமைப்பின் செயலாளர் ஒரு இத்தாலியர். அமெரிக்கத் தேர்தல் என்றால் சாப்பாட்டை மறந்து தொலைக்காட்சி பார்க்கும் மனிதர். அங்கே கட்சிகள் செய்வதைப் போல இங்கேயும் செய்வோம் என்றார். முதலில் ஒவ்வொரு சமூகமும் தனக்குள் வாக்களித்துத் தன் வேட்பாளரைத் தெரிவுசெய்யும். பிறகு அந்த வேட்பாளர்கள் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவார்கள். முதற்சுற்றுகளை நடத்தச் சமூகத்துக்கு வெளியே உள்ள ஒருவர் தலைமை தாங்குவார். மொழிபெயர்க்க நான்.

தமிழர்களின் முதற்சுற்று முன்பே முடிந்த கதை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். செல்வம் அண்ணை வேட்பாளராக நின்றார். லிபெர்த்தா பகுதியின் பெரிய வீடுகளில் எங்கள் ஆட்கள் செய்த வேலைகளில் முக்கால்வாசி அவர் பிடித்துக் கொடுத்தவை. இத்தாலியில் இருக்கப் பெர்மெஸ்ஸோ என்ற அனுமதி வேண்டும். பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் பொலிசுக்கு வேலை ஒப்பந்தம் காட்டவேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது அந்த வீட்டு எசமானி, சின்னோரா. அந்தச் சின்னோராவின் தொலைபேசி எண் செல்வம் அண்ணையிடம் இருந்தது. இவ்வளவுதான் அவருடைய அதிகாரம். அவர் ஒருவரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப் பேச வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

அவரை எதிர்த்து றெஜினா அக்கா நின்றா. மன்னார்க்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். லிபெர்த்தாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பராமரித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தா. கணவர் இல்லை. ஒரே மகள் ஊரில், உறவினர் வீட்டில். மகளை இங்கே எடுப்பதற்கான பத்திரங்களை அந்த மாதம்தான் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், கொடுத்திருந்தா. அதை நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான்.

அக்காவோடு தேவாலயத்துக்குப் போய்வரும் ஒரு பெண்ணுக்குக் கருப்பையில் சத்திரசிகிச்சை நடந்தது. அவள் ஆஸ்பத்திரியால் வந்து பார்க்கும்போது அவள் வேலைசெய்த வீட்டில் வேறொரு பெண் நின்றாள். செல்வம் அண்ணை இரண்டாம் நாளே ஆளை மாற்றிவிட்டார். அவளுடைய உடுப்புப் பை கட்டட வாசலில் காவலாளியிடம் இருந்தது. அந்தப் பையை எடுக்க றெஜினா அக்காவும் கூடப் போயிருக்கிறா. அடுத்த கிழமை வேட்பாளராகப் பெயர் கொடுத்தா.

கூட்டத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்பு, கூட்டமைப்பு அலுவலகத்தில் நான் இருந்த மேசைக்கு வந்து நேராகக் கேட்டா.

"தம்பி, உமக்கு எங்கடை சனத்தைத் தெரியும். எனக்கு ஏதும் வாய்ப்பிருக்கோ?"

வேட்பாளருக்கு வாய்ப்புச் சொல்வது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. எனக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்னேன்.

"அக்கா, கை தூக்கிற வாக்கு. அவர் முன்னாலை நிண்டு பாத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு ஒருத்தரும் கை தூக்கமாட்டினம்."

"ஒருத்தரும் இல்லையோ?"

"கோவிக்காதேங்கோ. பெயரை எடுத்துவிடுங்கோ. மகள் வந்து சேரட்டும், பிறகு பாப்பம்."

அக்கா தன் கைப்பையின் வாரைத் திருகினா. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை பகேரியா ரெயினிலை போய் வந்தனான்," என்றா. "அங்கை வேலைசெய்யிற பிள்ளையள் பதினைஞ்சு பேர் வரை இருந்தவை. வாக்குப் போடச் சொல்லி நான் கேக்கேல்லை. வருத்தம் வந்து படுத்தா வீட்டிலை லீவு தருவினமோ எண்டு மட்டும் கேட்டனான்."

"என்ன சொன்னவை?"

"ஒருத்தியும் வாய் திறக்கேல்லை. யன்னலாலை பாத்துக்கொண்டு வந்தவை. ஆனா ஒருத்தியும் எழும்பி மற்றப் பெட்டிக்குப் போகேல்லை."

அதை அக்கா ஒரு நம்பிக்கையாகச் சொன்னா. எனக்கு அது பரிதாபமாக இருந்தது.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லவேண்டும். என் மனைவி அப்போது லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் பகல்வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த வேலையும் செல்வம் அண்ணை பிடித்துக் கொடுத்ததுதான். எங்கள் இரண்டு பேரின் பெர்மெஸ்ஸோவும் அவளுடைய ஒப்பந்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டமைப்பு எனக்கு ஒப்பந்தம் தரவில்லை, கூப்பிடும் நாட்களுக்கு மட்டும் வேலை. வியாழக்கிழமை பின்னேரம், வீட்டுவேலைக்காரர்களுக்கு லீவு நேரம், கூட்டத்துக்குப் புறப்படும்போது அவள் என் சேர்ட் கொலரைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, அவையள் சொல்லுறதைச் சொல்லிப்போட்டு வாங்கோ. உங்கடை பாட்டிலை ஒண்டும் கதையாதேங்கோ."

"நான் ஏன் கதைக்கிறன்?"

"தெரியும். எண்டாலும் சொல்லுறன்."

அவளும் வாக்களிக்க வந்தாள். ஆனால் நாங்கள் சேர்ந்து போகவில்லை. மொழிபெயர்ப்பாளன் ஒரு குடும்பத்தோடு வந்து இறங்கக்கூடாது என்று நான் ஒரு விதி வைத்திருந்தேன். அவளைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நான் நடந்து போனேன்.

மண்டபம் சீசா என்ற பகுதியில், ஒரு தேவாலயத்தின் பின்புறம். சந்தியில் வழக்கம்போல இரண்டு இராணுவச் சிப்பாய்கள் நின்றார்கள். மாஃபியாவின் கொலைகளுக்குப் பிறகு அந்த வருடங்களில் நீதிபதிகள் குடியிருக்கும் தெருக்களிலும் அரசுக் கட்டடங்களிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். பலெர்மோக்காரர்கள் அவர்களுக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் ஆட்களோ ஊர்ப் பயத்தில் தலையைக் குனிந்து தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிப் போவார்கள். அன்றும் அப்படி மாறி மாறித்தான் நூறு பேரளவில் வந்து சேர்ந்தார்கள். கதிரைகள் நிரம்பியதும் பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை.

தலைமை தாங்க வந்திருந்தவர் ஒரு பெண் வழக்கறிஞர். படித்த பெண்களை அங்கே அழைப்பதுபோல அவரை நாங்கள் தொத்தோரெஸ்ஸா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு மறுபக்கத்துக் கதிரையில் அரபு மொழிபெயர்க்கும் பெண் இருந்தாள். துனிசியாக்காரி, என் வயதுதான். எங்களுக்குப் பிறகு அதே மண்டபத்தில் அவர்களுடைய முதற்சுற்று. நேரத்தோடு வந்து சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

முதலில் றெஜினா அக்கா பேசினா. இரண்டு நிமிடம். ஆஸ்பத்திரியால் வந்த பெண்ணின் கதையைச் சொன்னா. செல்வம் அண்ணையின் பெயரை எடுக்கவில்லை. "வருத்தம் வந்தா வேலை போகாது எண்டு ஒரு கடதாசியிலை எழுதுவிக்கவேணும். அதைக் கேக்க எனக்குத் தெரியும்," என்று முடித்தா. ஒருவரும் கைதட்டவில்லை. நான் மொழிபெயர்த்தேன். தொத்தோரெஸ்ஸா குறித்துக்கொண்டார்.

செல்வம் அண்ணை எழுந்து வந்தார். சிரித்த முகம். மெதுவான குரல்.

"றெஜினா தங்கச்சி நல்ல பிள்ளை. அவவை நினைச்சுத்தான் எனக்குக் கவலை. அவ பாக்கிற சின்னோராவின்ரை மகன் எனக்குத் தெரிஞ்ச ஆள். கூட்டம், வாக்கு எண்டு திரியிற ஆக்களை அந்த வீடுகளிலை விரும்பமாட்டினம். வேலை இல்லையெண்டா பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ இல்லையெண்டா மகளை எடுக்க ஏலாது. நான் உங்கள் எல்லாருக்கும் உதவி செய்தனான், இனியும் செய்வன். இண்டைக்கு ஆர் ஆர் கை தூக்கினம் எண்டு பாத்து வைச்சிருந்தாத்தானே, பிறகு உதவி கேட்டு வரேக்கை எனக்கு ஞாபகம் இருக்கும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பிள்ளைகளைப் பார்ப்பதுபோல.

நான் தொத்தோரெஸ்ஸாவின் பக்கம் திரும்பினேன். நான் இத்தாலிய மொழியில் சொன்னது இதுதான்: "றெஜினா நல்லவர் என்கிறார். அவருடைய வேலையையும், மகளுடைய வருகையையும் நினைத்துக் கவலைப்படுகிறார். எல்லோருக்கும் இதுவரை உதவி செய்ததாகவும், இனியும் உதவுவதாகவும் சொல்கிறார்."

கவனித்துப் பாருங்கள், இதில் அவர் சொல்லாத சொல் ஒன்றுகூட இல்லை. பிறகு யாராவது கேட்டால் சத்தியம் செய்துகூடச் சொல்லலாம். அதனால்தான் சொன்னேன், விடும்போது அது பிழை மாதிரியே தெரியாது என்று. அந்த நேரம் என் மனம் எனக்குச் சொன்னது, சண்டையை மூட்டாமல் விட்டாய், நல்ல வேலை செய்தாய் என்று.

தொத்தோரெஸ்ஸா சந்தோஷப்பட்டார். "இப்படி மரியாதையாகப் போட்டியிடுவதைப் பார்க்க நன்றாக இருக்கிறது," என்றார். "அப்படியானால் வழக்கப்படி கை தூக்கியே வாக்கெடுக்கலாம்."

நான் அதை மொழிபெயர்க்க மண்டபத்தின் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அந்த முகங்களைப் பார்த்தேன். நான் மறந்துபோயிருந்த ஒன்று: அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்காவது இத்தாலி மொழி விளங்கும். குசினியில் கற்ற இத்தாலி மொழி என்றாலும் அவர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குப் போதிய அளவு தெரிந்தது. மொழிபெயர்ப்பாளனே பயந்துவிட்டான் என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. செல்வம் அண்ணை பேசும்போது இருந்ததைவிட இப்போது மண்டபம் இன்னும் அமைதியாக இருந்தது. றெஜினா அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. சுவரோரம் என் மனைவி நின்றாள். அவளும் என்னைப் பார்க்கவில்லை.

துனிசியாக்காரி என் பக்கம் சாய்ந்து மிக மெல்லக் கேட்டாள். "அந்த மனிதன் நீளமாகப் பேசினான். நீ ஏன் இவ்வளவு சுருக்கினாய்?"

"முக்கியமானதைச் சொன்னேன்."

"உன் கழுத்து வேர்த்திருக்கிறது," என்றாள்.

அந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் யோசித்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. மனைவியின் ஒப்பந்தம் முடிய எத்தனை மாதம் என்று எண்ணினேன். வேறு வீடு தேட யாரைக் கேட்கலாம் என்று எண்ணினேன், ஒரு பெயரும் வரவில்லை. அறிவிப்பை மொழிபெயர்க்காமல் நான் நின்ற நேரம் அரை நிமிடம் இருக்கும். தொத்தோரெஸ்ஸா, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தொத்தோரெஸ்ஸா, நான் மொழிபெயர்த்ததில் பிழை இருக்கிறது. திருத்த வேண்டும்."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் குற்றம் ஒப்புக்கொள்ளும் பிள்ளையின் குரல். அவர் சொன்னதை வசனம் வசனமாகச் சொன்னேன். சின்னோராவின் மகன், விரும்பமாட்டார்கள், பெர்மெஸ்ஸோ, மகள். கடைசி வசனத்தை இரண்டு தடவை தொடங்கவேண்டியிருந்தது: யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்து ஞாபகம் வைத்திருப்பேன். பிறகு தமிழில் திரும்பி, "அண்ணை, நீங்கள் சொன்னதை முதல் நான் முழுசாச் சொல்லேல்லை. இப்ப சொல்லிப்போட்டன்," என்றேன்.

தொத்தோரெஸ்ஸா அவரிடம் கேட்டார், இப்படிச் சொன்னீர்களா என்று. செல்வம் அண்ணையின் சிரிப்பு மாறவில்லை.

"தம்பி என்னைப் பிழையா விளங்கிப்போட்டார். நான் அன்பாத்தான் சொன்னனான். அவருக்கு வீட்டிலை ஏதும் கரைச்சலோ தெரியாது."

அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தேன், ஒரு சொல் விடாமல். மொழிபெயர்ப்பாளர் பிழையாக விளங்கிக்கொண்டார், அவருக்கு வீட்டில் ஏதும் பிரச்சினையோ தெரியவில்லை. இந்த வேலையில் நான் சொன்ன வசனங்களில் சொல்லக் கஷ்டமானது அதுதான்.

தொத்தோரெஸ்ஸா மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார். "அவர் அப்படிச் சொன்னதை நீங்கள் கேட்டீர்களா?"

நூறு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. யாராவது ஒருவர் ஓம் என்று சொல்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். றெஜினா அக்காகூடச் சொல்லவில்லை. வெளியில் ஒரு வெஸ்பா ஸ்கூட்டர் போகும் சத்தம் கேட்டது. என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பொய்யன் என்ற பெயரோடு போகப்போகிறது என்று நினைத்தேன்.

தொத்தோரெஸ்ஸா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது பலெர்மோ," என்றார். "ஒரு கேள்விக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தால் அது என்ன பதில் என்று எனக்குத் தெரியும். கை தூக்குவது இல்லை. கடதாசியில் எழுதுங்கள்."

பாடகர் குழுவின் சின்ன அறை பக்கத்தில் இருந்தது. ஒரு அப்பியாசக் கொப்பியைக் கிழித்துத் துண்டாக்கினோம். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், கதவைச் சாத்தி, எழுதி, மடித்து ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. சின்னோராக்களின் இரவுச் சாப்பாட்டுக்கு முன் திரும்பவேண்டிய பெண்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். ஆனால் ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. செல்வம் அண்ணை வாசலருகே நின்று போகிறவர்களுக்குத் தலையாட்டினார். பெட்டியை அவரால் பார்க்க முடியவில்லை.

தொத்தோரெஸ்ஸாவே எண்ணினார். செல்வம் அண்ணைக்கு ஐம்பத்திரண்டு. றெஜினா அக்காவுக்கு நாற்பத்தொன்று.

அக்கா தோற்றுவிட்டா. எண்ணிக்கையைத் தமிழில் நான் சொன்னபோது மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்தது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள், உடனே பார்வையைத் திருப்பினார்கள். நாற்பத்தொரு பேர் யார் என்று அந்த நாற்பத்தொரு பேருக்கே தெரியாது.

பஸ் தரிப்பு வரை அக்காவோடு நடந்தேன். "முதல் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா," என்றேன்.

"கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்," என்றா. "செல்வம் கதைக்கேக்கை எனக்குப் பயம் வரேல்லை தம்பி. அவர் அப்பிடித்தான் கதைப்பாரெண்டு தெரிஞ்சுதான் நிண்டனான். நீர் சொல்லேக்கைதான் பயந்தனான். இனி எங்கடை கதை ஒருத்தருக்கும் போய்ச் சேராதெண்டு நினைச்சன்."

பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தேன்.

"ஒருத்தரும் இல்லையெண்டீர்," என்றா கொஞ்சம் சிரித்து. "நாப்பத்தொரு பேர்."

தம்பி தங்கைமாரே, பாடம் என்று ஒன்று கேட்டால் அந்தப் பஸ் தரிப்பில் அக்கா சொன்னதுதான். மிரட்டுகிறவரின் சொல்லை நாங்கள் மென்மையாக்கினால் மிரட்டல் குறைவதில்லை. மிரட்டப்பட்டவர் தனியாகிவிடுகிறார், அவ்வளவுதான். உங்களுக்குப் பயம் வரும். எனக்குக் கடைசி நாள்வரை வந்தது. பிழைவிட்டால் கூட்டம் கலைய முதல் திருத்துங்கள். வீட்டுக்குப் போய் யோசித்தால் திருத்தமாட்டீர்கள்.

இன்னொன்று, பயந்த சனத்தின் வாய்ப்பை நீங்கள் கணிக்காதீர்கள். நான் எங்கள் ஆட்களின் கைகளைத்தான் கணக்கெடுத்திருந்தேன்.

பயந்தது எல்லாம் பொய்யாகவும் போகவில்லை. அடுத்த கிழமையே என் மனைவியை வேலையால் நிற்பாட்டினார்கள். சின்னோரா காரணம் சொல்லவில்லை, அழுதாவாம். அந்த மாதங்களில் வீட்டு மணி அடித்தால் நாங்கள் இருவரும் எழும்பமாட்டோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். றெஜினா அக்காவின் சின்னோரா தன் மகனின் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலமே அந்த அம்மா இறந்துபோனா. அக்காவின் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. செல்வம் அண்ணையிடம் அக்கா போகவில்லை. பத்து நாட்களுக்குள் பகேரியாவில் ஒரு வீட்டிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். அங்கே வேலைசெய்த யாரோ ஒரு பெண் சொல்லிவிட்டிருக்கிறாள். பெயரைச் சொல்லவேண்டாம் என்றாளாம். மகள் அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். செல்வம் அண்ணை இறுதிச் சுற்றில் தோற்றுப்போனார். தலைவராக வந்தவர் வேறு நாட்டவர்.

மனைவிக்கு வேலை போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை சீசாவில் பஸ்ஸுக்கு நின்றபோது செல்வம் அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். சுகம் விசாரித்தார். பிறகு, "நல்ல வீடொண்டு இருக்கு தம்பி. லிபெர்த்தாவிலை. ஒப்பந்தம் உடனை எழுதுவினம். உம்மடை மனுசிக்குச் சரியா இருக்கும்," என்றார்.

நான் கிழமைகளை எண்ணினேன். பெர்மெஸ்ஸோ முடிய ஐந்து கிழமை இருந்தது.

"ஒண்டு மட்டும் சொல்லும்," என்றார். குரலைத் தாழ்த்திச் சுற்றிப் பார்த்தார். தரிப்பில் எங்கள் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். அவர்களை அவர் ஒவ்வொருவராகப் பார்த்த விதத்தை அதற்கு முன் அவரிடம் நான் கண்டதில்லை. அது எனக்குத் தெரிந்த பார்வை. மணி அடிக்கும்போது நாங்கள் கதவைப் பார்க்கும் பார்வை. "நான் எவ்வளவு பேருக்குச் செய்தனான். அந்த நாப்பத்தொரு பேர் ஆரெண்டு இரவிலை நித்திரை இல்லை தம்பி. எல்லாரும் முகத்துக்கு நேரை சிரிக்கினம். உம்மடை மனுசி ஆருக்குப் போட்டவ?"

பஸ் வந்து நின்றது.

"நான் அவளிட்டைக் கேக்கேல்லை அண்ணை," என்றேன். "கேக்கவும் மாட்டன்."